விற்றால் வருந்துவோமா, விட்டால் வருந்துவோமா: 78 ப்ரிசிஷனும் 66 ஜாஸ் பேஸும்

நாலுதந்தி கேட்டது:

கையில் இருப்பது 1978 ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் கிட்டார். ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதியில்) எஸ்8 என்று தொடங்கும் எண், ஆஷ் மரத்துப் பாடி, நேச்சுரல் நிறம், மேப்பிள் ஃபிங்கர்போர்டு. எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. எடை 4.9 கிலோ.

விலைக்கு வந்திருப்பது 1966 என்று சொல்லப்படும் ஜாஸ் பேஸ். நெக் ஓரத்தில் பைண்டிங் (ஒட்டுப் பட்டை), ஃபிங்கர்போர்டில் புள்ளி இன்லே (பதித்த அடையாளம்). பாடிக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "மற்றதெல்லாம் அந்தக் காலத்துப் பாகம்தான், பாட்டை (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரை) திறந்து பார்த்தால் 66 என்று போட்டிருக்கிறது" என்கிறார் விற்பவர். அவர் இருப்பது வேறு நாட்டில். ப்ரிசிஷனை விற்றால்தான் இதற்குப் பணம் சேரும்.

கேள்விகள் மூன்று. ஜாஸ் உண்மையிலேயே 66தானா என்று எப்படி உறுதி செய்வது? ப்ரிசிஷனை விற்றபின் "அந்தச் சத்தம் போச்சே" என்று வருந்தாமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்யலாம்? மூன்றாவது பொதுவானது: வாங்காமல் விட்டதற்காகப் பலரும் வருந்துகிற பழைய பேஸ்களில், எவற்றுக்கு இன்று நிஜமாகவே மாற்று கிடையாது?

---

மரவேலை:

பாட்டில் 66 என்று இருப்பது மட்டும் போதாது தம்பி. ஃபெண்டர் 1966ல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்தச் சரக்கு 1969 வரைக்கும் கிட்டார்களுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதனால் 68 பேஸுக்குள்ளும் 66 பாட் இருக்கும், அதுவும் ஒரிஜினலாகவே. பாட்டின் எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிட்டார் அதற்கு முன் தயாராகியிருக்க முடியாது. எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்: முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர் (137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல்), அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம். 304 66 20 என்றால் ஸ்டாக்போல், 1966, இருபதாவது வாரம்.

பின்பக்க நெக் பிளேட் இன்னும் பலவீனமான சாட்சி. 1965 கடைசியிலிருந்து பெரிய எஃப் எழுத்து போட்ட பிளேட் வந்தது, ஆறு இலக்க எண்ணுடன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளேட் கையோடு வந்துவிடும், வேறு எந்த கிட்டாரிலும் பொருத்திவிடலாம். எண்ணை வைத்து ஒன்றிரண்டு வருடத் தோராயம் சொல்லலாம், அவ்வளவுதான்.

நம்ப வேண்டியது நெக்கின் அடியில் உள்ள முத்திரையை. அந்தக் காலத்து ஜாஸ் பேஸில் அது 7 என்று தொடங்கி, மாதத்தின் மூன்று எழுத்து, வருடம், கடைசியில் ஓர் அகல எழுத்து என்று இருக்கும். முன்னால் 5 இருந்தால் அது ப்ரிசிஷன் நெக். கடைசி எழுத்து ஏ என்றால் நட் (நெக்கின் மேல்முனையில் ஸ்டிரிங்குகளைத் தாங்கும் துண்டு) அகலம் ஒன்றரை அங்குலம் (38 மி.மீ.), பி என்றால் 41, சி என்றால் 44. ஜாஸுக்கு வழக்கமானது ஏ. பைண்டிங்கும் புள்ளியும் சேர்ந்து வந்தது 1965 கடைசி முதல் 66 நடு வரை உள்ள குறுகிய காலம்தான். அதன்பின் புள்ளி போய் செவ்வகப் பிளாக் இன்லே வந்துவிட்டது. அதனால் பைண்டிங், புள்ளி, 7ல் தொடங்கும் 66 முத்திரை, ஏ எழுத்து, 66க்கு முந்தைய அல்லது 66ன் பாட் எண் என எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் நின்று யோசியுங்கள்.

முத்திரையைப் பார்க்க நெக்கைக் கழற்றியாக வேண்டும். விற்பவர் தயங்கினால் இந்த முறையைச் சொல்லுங்கள்:

ஸ்டிரிங்குகளை நன்றாகத் தளர்த்தி, முதல் ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே உள்ள உலோகக் கோட்டில்) கேப்போ என்னும் அழுத்துக் கிளிப்பை மாட்டினால் அவை அவிழ்ந்து சிதறாது. கிட்டாரைக் கம்பளம் மேல் குப்புற வைத்து, இரண்டாம் நம்பர் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டும். சிறிய முனை போட்டால் ஸ்க்ரூத் தலை நசுங்கும், அந்தக் காயமே விலையைக் குறைக்கும். பிறகு நெக்கை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் பாக்கெட் ஓரத்துப் பெயின்ட் சில்லாகப் பெயரும். உள்ளே அட்டை மாதிரி ஒரு துண்டு இருந்தால் அது ஷிம். நெக்கின் சாய்வுக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்தது. அதை எடுத்துப் போட்டுவிடக் கூடாது, இருந்த பக்கத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

கழற்றிய கையோடு நெக் பாக்கெட்டையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பாடியை ஒரு குச்சியில் பிடித்துக்கொண்டுதான் பெயின்ட் அடித்தார்கள். குச்சி பதிந்திருந்த இடம் பாக்கெட்டுக்குள் பெயின்ட் படாத பட்டையாகத் தெரியும். மறுபெயின்ட் அடித்தவர் அதையும் சேர்த்து மூடியிருப்பார். உங்கள் விஷயத்தில் மறுபெயின்ட் என்று விற்பவரே சொல்லிவிட்டார், அதனால் இது வேறொன்றுக்கு உதவும்: பாடியும் ஃபெண்டருடையதுதானா, பிற்காலத்தில் வாங்கிப் போட்ட வெறும் பாடியா என்பதற்கு. பிக்கப் (ஸ்டிரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) குழிக்குள்ளும் பிக்கார்டுக்கு அடியிலும் பழைய நிறத்தின் மிச்சம் எங்காவது ஒட்டியிருக்கும். இருந்தால் மனம் தேறலாம்.

விலையைப் பொறுத்தவரை, மறுபெயின்ட் என்றால் ஒரிஜினல் பெயின்ட் உள்ளதில் ஏறக்குறைய பாதி என்பது இந்தச் சந்தையில் நெடுநாள் வழக்கம். வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. நெக்கும் பிக்கப்பும் அதேதான், பாதி விலைக்கு வருகிறது.

---

பட்டைக்கம்பி:

மரவேலை அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒப்பவில்லை. "பாதி விலை" என்பது வாங்கும்போது இனிக்கும், விற்கும்போதும் அதே பாதிதான் கிடைக்கும். ஒரிஜினல் நிலையில் உள்ள 78 ப்ரிசிஷனை விட்டு மறுபெயின்ட் அடித்த 66 வாங்குவது முதலீடாகச் சரியா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம். வாத்தியமாகச் சரியா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் பாதி வருத்தங்கள் வருகின்றன.

வாத்தியமாகப் பார்த்தால் இரண்டும் இரண்டு வேறு பொருள். ப்ரிசிஷனில் இரண்டு அரைச் சுருள்கள் தொடரிணைப்பில், பாடியின் நடுவில் ஒரே இடத்தில் நிற்கும். நடுத்தரக் கீழ் அதிர்வெண்ணில் அழுத்தமாக இருக்கும், பாண்டுக்குள் எந்த வாத்தியத்துக்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாஸில் இரண்டு தனிப் பிக்கப். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் இரண்டின் சத்தமும் கலக்கும்போது நடுவில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். அதுதான் ஜாஸின் அந்தக் குழிந்த சத்தம். பின்பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்தால் உறுமல் கிடைக்கும்.

இங்கேயும் வருடம் முக்கியம். அறுபதுகளின் ஜாஸில் இரண்டு பிக்கப்புக்கும் நடுவே சுமார் 3.6 அங்குலம் (91 மி.மீ.). எழுபதுகளின் தொடக்கத்தில் பின்பக்கப் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கம் தள்ளினார்கள், இடைவெளி 4 அங்குலம் (102 மி.மீ.) ஆனது. ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் காதுக்கு நன்றாகவே கேட்கும்: பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலிந்து மேல்சுரங்கள் முன்னே வரும். ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டி) வாசிக்கிறவர்கள் எழுபதுகளின் இடைவெளியைத் தேடுவதும், விரலால் வாசிக்கிறவர்கள் அறுபதுகளைத் தேடுவதும் இதனால்தான். உங்களுக்குப் பிடித்த பதிவுகளில் கேட்பது எது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 66ஐ வாங்கிவிட்டு எழுபதுகளின் சத்தத்தை அதில் தேடினால் கிடைக்காது. அதற்காகப் பாடியைக் குடைந்து பிக்கப்பை நகர்த்தினவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு நல்ல வாத்தியத்துக்குச் செய்யும் கொடுமை, தயவுசெய்து வேண்டாம்.

ஸ்டிரிங்கையும் கணக்கில் எடுங்கள். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் இசை நிறுவனத்தில் வாசித்த சத்தத்துக்காக 62 ப்ரிசிஷனைத் தேடி அலைகிறவர்கள், அவர் கனமான ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்டிரிங்கை மாற்றாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தார் என்பதையும், பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்ச் இருந்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 52 முதல் 110 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) உள்ள ஃபிளாட்வவுண்ட் செட்டும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் உங்கள் 78லேயே அந்தத் திசையில் பெரும்பகுதி தூரம் கொண்டுபோய்விடும். புதிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்டிரிங்) போட்ட 62 அங்கே போகாது.

---

மின்சுருள்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விற்கப் போகிற பேஸை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்தச் சத்தம்" என்று பிறகு நினைவில் நிற்பது மூட்டமாக இருக்கும். அளவு கையில் இருந்தால், ஏங்குவது எதற்காக என்று தெரியும். பெரும்பாலும் அதைத் திரும்பக் கட்டிவிடவும் முடியும்.

முதலில் நெக். நட் அகலம், 12ஆம் ஃப்ரெட்டில் அகலம், 1, 5, 9, 12 ஃப்ரெட்களில் தடிமன் (ஃப்ரெட் இல்லாமல், ஃபிங்கர்போர்டிலிருந்து பின்புறம் வரை) ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரால் எடுங்கள். தடிமன் ஒன்றாக இருந்தும் கைக்கு வேறாகத் தோன்றும் நெக்குகள் உண்டு, தோள்பட்டை வடிவம் மாறுவதால். அதற்கு 1ஆம், 12ஆம் ஃப்ரெட்டில் ப்ரொஃபைல் கேஜை அழுத்தி, கிடைக்கும் வளைவைத் தாளில் வரைந்து வையுங்கள். வருந்துகிறவர்களில் பலர் நிஜத்தில் தவறவிட்டது இந்த வளைவைத்தான், மரத்தின் வயதை அல்ல.

அடுத்து பிக்கப். ப்ரிசிஷனில் எதையும் கழற்றாமலேயே அளக்கலாம். வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளை ஜாக்கில் சொருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். டோன் கபாசிட்டர் நேர்மின்சாரத்தை விடாது, அதனால் அது கணக்கில் வராது. ஆனால் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் பிக்கப்புக்குப் பக்கஇணைப்பில் இருப்பதால் மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். 10.1 காட்டினால் உண்மையான அளவு 10.1 × 250 ÷ (250 − 10.1), அதாவது ஏறக்குறைய 10.5 கிலோ ஓம். ஜாஸில் ஒரு வால்யூமை முழுக்கத் திறந்து மற்றதைப் பூஜ்யத்தில் வைத்தால் இரண்டு பாட்டும் சேர்ந்து 125 கிலோ ஓம் ஆகிவிடும், அதே சூத்திரத்தில் 250க்குப் பதில் 125 போடுங்கள். மீட்டர் 7.1 என்றால் சுருள் சுமார் 7.5.

அளக்கும்போது அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். லண்டனில் 20 டிகிரியில் அளந்ததும் சென்னையில் 32 டிகிரியில் அளந்ததும் ஏறக்குறைய 5 சதவீதம் வேறுபடும். 10.5 என்பது 11 ஆகிவிடும். இதைத் தெரியாமல் "இது வேறு பிக்கப், மாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

மின்தடை மட்டும் சத்தத்தைச் சொல்லாது. எல்.சி.ஆர். மீட்டர் கிடைத்தால் இண்டக்டன்ஸையும் (சுருளின் தூண்டல் அளவையும்) எடுங்கள், அதுதான் சத்தத்துக்கு இன்னும் நெருக்கமான எண். கூடவே வால்யூம் பாட்டின் நிஜ அளவு (250 என்று எழுதியிருப்பது 210ம் இருக்கும், 290ம் இருக்கும்), டோன் கபாசிட்டரின் அளவு, ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் பிக்கப் முனைக்கும் இடையே உள்ள தூரம் (கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும்). பிக்கப் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே ஆள் மாறிவிடுகிற அளவுக்குச் சத்தம் மாறும்.

கடைசியாக, நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் சொருகி, எந்த எஃபெக்டும் ஆம்ப்பும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். நான்கு ஸ்டிரிங்கையும் திறந்தபடியும், 5, 7, 12ஆம் ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு சுரம், தானாக அடங்கும்வரை. டோன் முழுக்கத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. போட்டிருந்த ஸ்டிரிங்கின் கேஜும் வகையும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். இந்தப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு புதிய ப்ரிசிஷனில் பிக்கப்பையும் உயரத்தையும் சரிசெய்துகொண்டே போனால் எவ்வளவு அருகில் வர முடிகிறது என்பது தெரியும். வர முடியாமல் மிச்சமிருப்பதுதான் அந்தப் பேஸின் தனித்தன்மை. அது எவ்வளவு என்று விற்பதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

---

கீழ்ஸ்தாயி:

மூன்றாவது கேள்விக்கு என் பட்டியல் சிறியது.

ரிக்கன்பேக்கர் 4001. பலர் வாங்காமல் விட்டு வருந்துவது, சிலர் வாங்கி வருந்துவதும். 1961ல் வந்தது, எண்பதுகளின் வாசலில் 4003 அந்த இடத்தைப் பிடித்தது. ஸ்கேல் (ஸ்டிரிங்கின் அதிரும் நீளம்) 33¼ அங்குலம். நெக்குக்குள் இரண்டு ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பி). இவை ஃபெண்டர் ராட் மாதிரி நெக்கை வளைக்க அல்ல, வளைத்த நிலையில் பிடித்து வைக்க. ராட் நட்டைத் திருகி நெக்கை நிமிர்த்தப் பார்த்தால், ஹெட்ஸ்டாக் பக்கம் ஃபிங்கர்போர்டே பசை விட்டு எழும்பிவிடும். சரியான முறை: ஸ்டிரிங்கைத் தளர்த்து, ராட் நட்டுகளையும் தளர்த்து, கையால் நெக்கை வேண்டிய நிலைக்கு மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலேயே இரண்டு நட்டையும் சமமாக இறுக்கு. இன்னொருவர் உதவி தேவை. வாங்கும்போது ஹெட்ஸ்டாக் பக்கம் ஃபிங்கர்போர்டு ஓரத்தில் மெல்லிய கோடு தெரிகிறதா, டெயில்பீஸின் பின்பக்கம் பாடியிலிருந்து எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். வருடம் கண்டுபிடிப்பது எளிது: ஜாக் பிளேட்டில் இரண்டு எழுத்து, முதலாவது வருடம் (ஏ என்றால் 1961, எல் என்றால் 1972), இரண்டாவது மாதம். ஆனால் ஜாக் பிளேட்டும் கழற்றி மாட்டக் கூடியதே. பின்பக்கப் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் இருக்கும், அடிச்சுரத்தை வெட்டுவதற்கு. அந்தக் கணீர்ச் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். பலர் அதைப் பிடுங்கியிருப்பார்கள். திரும்பப் போடுவது சில நிமிட வேலை, அதற்காகப் பேஸை விட்டுவிட வேண்டாம்.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே, 1976 முதல் எர்னி பால் 1984ல் நிறுவனத்தை வாங்கும் வரை உள்ளவை. இங்கே பார்க்க வேண்டியது ப்ரீஆம்ப் (பேஸுக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று). ஆரம்ப காலப் பலகைகளை எபாக்ஸி ஊற்றி மூடிவிட்டார்கள், உள்ளே ஒரு பாகம் போனாலும் எடுத்துச் சரிசெய்வது பெரும்பாடு. பாஸ், ட்ரெபிள் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கடைசிவரை திருப்பி, சத்தம் சீராக மாறுகிறதா, கரகரப்பு பாட்டிலிருந்து வருகிறதா அல்லது எந்நேரமும் இருக்கிறதா என்று கேளுங்கள். பாட் அழுக்கு என்றால் சுத்தம் செய்யலாம். எந்நேரமும் இருந்தால் எச்சரிக்கை. பேட்டரிப் பெட்டியில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்று இருக்கிறது என்று நான் நினைப்பது ஐம்பது அறுபதுகளின் ஃபெண்டர்களுக்குத்தான். 1982 முதல் 84 வரை ஜப்பானின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் தயாரான ஜே.வி. எண் கொண்ட ஃபெண்டர், ஸ்க்வயர் பேஸ்கள் பழைய அளவுகளைக் கவனமாகப் பின்பற்றியவை. நல்ல நெக் உள்ள ஜே.வி. ஒன்று கிடைத்தால் 62ஐ விட்டதற்காக வாசிப்பவர் வருந்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. சேகரிப்பவரின் கணக்கு வேறு.

எல்லை தாண்டுகிற வியாபாரம் என்பதால் இன்னொன்று. ஃபெண்டர் 1959 முதல் அறுபதுகளின் நடு வரை போட்டது பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் இணைப்பில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு போனால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். நம் மலைகளில் வளரும் ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், இரண்டாம் இணைப்பில் உள்ளது. 2019 கடைசியிலிருந்து அதில் செய்த முடிந்த வாத்தியங்களுக்கு விலக்கு உண்டு. ஃபெண்டர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு மாறிய காலத்தில்தான் உங்கள் 66 வருகிறது. எந்த மரம் என்று விவரம் தெரிந்தவரிடம் எழுதி வாங்காமல் கப்பலேற்றாதீர்கள்.

பழைய வாத்தியம் திருட்டுப் பொருளாக இருக்கவும் வாய்ப்புண்டு. பால் மெக்கார்ட்னியின் 1961 ஹோஃப்னர் பேஸ் 1972ல் லண்டனில் வேனிலிருந்து திருடு போனது, அது அவரிடம் திரும்பிவிட்டது என்ற செய்தி 2024ல்தான் வந்தது. திருடு போன ஜேமர்சனின் ப்ரிசிஷன் இன்றுவரை கிடைக்கவில்லை. எண், நெக் முத்திரை, விற்றவர் பெயர், பணம் கொடுத்த ரசீது நான்கையும் கோப்பில் வையுங்கள்.

---

நாலுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. விற்பவர் ஒத்துழைத்தார். நெக்கைக் கழற்றிப் படம் அனுப்பியிருக்கிறார்: 7, மே, 66, ஏ. பாட் எண் 304 66 12. பாக்கெட்டில் குச்சித் தடம் இல்லை, ஆனால் பின்பக்கப் பிக்கப் குழிக்குள் பழைய சன்பர்ஸ்டின் மஞ்சள் கொஞ்சம் தெரிகிறது. எடை 4.1 கிலோ. மின்சுருள் சொன்னபடி ஜாக்கில் அளக்கச் சொன்னேன்: முன்பக்கப் பிக்கப் 7.0, பின்பக்கப் பிக்கப் 119 கிலோ ஓம். பின்பக்கம் "கொஞ்சம் சத்தம் குறைவு, பாட் அழுக்காக இருக்கும்" என்கிறார். நெக்கில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

---

மரவேலை:

நெக்: முழு ட்யூனிங்கில், முதல் ஃப்ரெட்டில் கேப்போ, 17ஆம் ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, 8ஆம் ஃப்ரெட்டுக்கும் மேலே நிற்கும் ஈ ஸ்டிரிங்குக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். 0.3 முதல் 0.4 மி.மீ. நல்லது. ஒரு மி.மீ.யை நெருங்கினால் அடுத்த கேள்வி, ட்ரஸ் ராடில் இன்னும் இடம் இருக்கிறதா?

66ல் ராட் நட் நெக்கின் அடிப்பகுதியில் இருக்கிறது (உங்கள் 78லும் அப்படியே. எழுபதுகளின் நடுவில் ஜாஸுக்கு வந்த புல்லட் நட்டும் மூன்று ஸ்க்ரூவும் ப்ரிசிஷனுக்கு வரவில்லை). நெக் கழற்றிய நிலையில், பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான முனையால் முதலில் கால் சுற்று தளர்த்தி, பிறகு பழைய நிலைக்கு வந்து, அதற்கு மேல் மிக மெதுவாக எட்டில் ஒரு பங்கு இறுக்கிப் பார்க்க வேண்டும். நட் மரத்துக்குள் புதைந்து நின்று அசைய மறுத்தால் ராட் முடிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நட்டுக்கு அடியில் வாஷர், இல்லையென்றால் வெப்பம் கொடுத்து நிமிர்த்தல், அதுவும் இல்லையென்றால் ஃபிங்கர்போர்டைச் சீவி ஃப்ரெட் மாற்றுதல். பைண்டிங் உள்ள நெக்கில் கடைசி வேலை கூடுதல் செலவு. 66ல் ரோஸ்வுட் மெல்லிய அடுக்குதான், சீவ அதிகம் இல்லை.

நெக்கைப் பின்னாலிருந்து முன்னால் பார்க்கும்போது பாடியோடு சேரும் கடைசி ஐந்தாறு ஃப்ரெட் மேல்நோக்கி எழும்பியிருந்தால் அதை ராடால் சரிசெய்ய முடியாது. முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க நட்டின் கோட்டையும் கடைசி ஃப்ரெட்டின் கோட்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடுங்கள். முறுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள், இதற்கு வருந்த வேண்டாம்.

---

மின்சுருள்:

119 என்பது பாட் அழுக்கு அல்ல. பின்பக்கப் பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் காட்டுவது வெறும் இரண்டு பாட்களின் 125ஐ. அறுந்த சுருளும் சன்னமாகச் சத்தம் கொடுக்கும், அறுந்த இடத்தில் இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால். அதனால்தான் அவருக்குச் "சத்தம் குறைவு" என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பிக்கப்பில் கம்பி நேரே காந்தத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கும், நடுவில் லாக்கர் பூச்சு மட்டும். வியர்வையும் ஈரக்காற்றும் இறங்கிக் காந்தம் துருப்பிடித்தால் உள்சுற்று அறுந்துபோகும். காந்தத்தை விரலால் உள்ளே தள்ளினாலும் இதே கதி. பழைய ஃபெண்டர் பிக்கப்பில் உயரம் சரிசெய்யக் காந்தத்தை அழுத்தவே கூடாது.

முதலில் மூடியைக் கழற்றி, இரண்டு ஒயர்களும் சுருளோடு சேரும் கண்களை (சிறு துளைகளை) பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சுற்றின் முனை அந்தக் கண்ணில் அறுந்திருந்தால் ஒரு சுற்றை அவிழ்த்துத் திரும்பச் சால்டர் வைத்தால் போதும், பிக்கப் ஒரிஜினலாகவே நிற்கும். உள்சுற்றின் முனை அறுந்திருந்தால் மறுசுற்றுதான்: 42 கேஜ், ப்ளெய்ன் எனாமல் கம்பி, பழைய பாபினும் காந்தமும் அப்படியே.

சுற்றக் கொடுக்கும் முன் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியைக் காந்தத்தின் மேல்முனைக்குக் கொண்டுபோய் வடக்கா தெற்கா என்று பாருங்கள், முன்பக்கப் பிக்கப்புக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். சுற்றும் திசையும் முன்பக்கத்துக்கு எதிராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் எதிரெதிராக இருப்பதால்தான் இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்தால் ஹம் (மின்சார இரைச்சல்) அடங்குகிறது. சுற்றுபவர் திசையை மாற்றிவிட்டால் இரண்டையும் சேர்த்தால் சத்தம் மெலிந்து, ஹம்மும் அடங்காது. ஒயரை மாற்றிச் சால்டர் வைத்தால் மெலிவும் போகும், ஹம்மும் அடங்கும்.

முன்பக்கம் 7.0 என்றால் நிஜத்தில் சுமார் 7.4, அது சரியான அளவு. மறுசுற்றையும் அதற்கு அருகிலேயே கேளுங்கள், கூடுதல் சுற்று கேட்க வேண்டாம். விலை பேசும்போது மறுபெயின்ட், அறுந்த சுருள் இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள். நெக் தேறினால் இதை விட வேண்டாம். 78ஐ அளந்து பதிவு செய்யாமல் அனுப்பவும் வேண்டாம்.